காட்சியும் வாழ்த்தும்: தமிழகக் கிறித்தவத் திருத்தலங்கள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

தருமபுரியை அடுத்துள்ள வத்தல்மலையில் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். கிழக்குத் தொடர்ச்சி மலைகள் பலவற்றிலும் பரவியுள்ள இம்மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்றும் போந்தவர் என்றும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்னும் மூன்றிலும் தனித்தனியே குடியேறினர் என்றும் வழிவழியாகக் கூறுவர். தர்சுட்டன் என்னும் அறிஞர் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதியில் இக்கதை இடம்பெற்றுள்ளது. கதை கூறியவாறே நிகழ்ந்ததா என்பது ஒரு வினா. தொலைவிலுள்ள ஓர் ஊரை ஒரு மக்கட்கூட்டம் தன் ஊராக நினைவில் வைத்துப் போற்றி வருகின்றது என்பது மற்றொரு செய்தி. முன்னது ஐயத்திற்கு உரியது; பின்னதோ ஐயமற்ற வரலாற்று உண்மை. திருத்தலங்களின் வரலாற்றை ஆராய்வார் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குதல் கூடாது. இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டு தமிழகக் கிறித்தவத் திருத்தலங்கள் சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வத்தல்மலையைச் சூழ்ந்த நாடு பண்டைத் தகடூர் நாடாகும். அதியமான் ஆண்டதும், ஔவையார் பாடியதும் இந்நாடே. நிலத்தின் நன்மை அந்நிலத்து வாழும் மக்களின் நன்மையே என்னும் கருத்தைப் புறநானூற்றில் விளக்கியவர் அவ்வம்மையார். அதியமான் மாய்ந்தபின் அவனுக்கு எடுத்த நடுகல்லைக் கண்டு கலங்கிப் பாடியவரும் அவரே. தகடூர்ப் பகுதியும் அதனை அடுத்த செங்கம் பகுதியும் நடுகற்கள் மலிந்தவை. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலும், தருமபுரி அரசு அருங்காட்சியகத்திற் காணப்பெறும் கற்களும் இதற்குச் சான்றாம்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுத்தார். சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்துக் காதைகளின் பெயர்களும் இம்முறையைத் தழுவியனவே. இவற்றுள் முதலாவதாகிய காட்சி என்பது தற்செயலாகக் கல்லொன்று கண்ணிற் படுதல் அன்று. வீழ்ந்தவனை நினைந்திருப்போர் அவனுக்குத் தகுந்த கல்லைத் தேடிச் சென்று காண்டலே காட்சி. வேங்கை நிழலில் நின்ற கண்ணகியைக் கண்டவர் குன்றக் குறவர். அவர் வாய்மொழி கேட்ட பின்னரே செங்குட்டுவன் இமயத்துக் கல்லை நாடினான். எனவே மலைவாழ் மக்களின் நினைவு முன்னது. மன்னனின் காட்சி பின்னது.

கிறித்தவ மக்கள் தம் திருத்தலங்களைக் கண்டெடுத்தபின் போற்றினரா, போற்றி நினைந்திருந்தமையாற் கண்டெடுத்தனரா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தமிழர் நடுகல் மரபினின்றும் கிறித்தவத் தல வழிபாடு தோன்றியது என யாம் கூற வரவில்லை. தமிழ் இலக்கண மரபு வகுத்த முறையை ஓர் அளவுகோலாகக் கொண்டு நோக்கின், இத்தலங்களின் வரலாறு தெளிவுறும் என்பதே எம் கருத்து.

எருசலேமில் நிகழ்ந்த காட்சி

வழிபாடு இம்மலையிலும் அன்று, எருசலேமிலும் அன்று, ஆவியிலும் உண்மையிலும் நிகழ்வது என்னும் கருத்தை இயேசு பெருமான் சமாரியப் பெண்ணுக்கு உரைத்ததாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. ஆதலின் ஓரிடத்தை நாடிச் செல்லுதல் கிறித்தவர்க்கு விதிக்கப்பட்ட கடன் அன்று. ஆயினும் இடத்தை மறத்தலும் அவர்க்கு இயலவில்லை.

கி.பி. 135ஐ அடுத்து உரோமப் பேரரசன் ஏட்ரியன் எருசலேமைத் தன் பெயரால் புதுநகராக்கினான். இயேசுவின் கல்லறை எனப்பட்ட இடத்தின்மேல் மண் மேடாக்கப்பட்டு, வீனசு தேவிக்குக் கோயில் எழுந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துக் கான்சுடன்டைன் ஆட்சியில் அக்கோயில் அகற்றப்பட்டுக் கல்லறை அகழ்ந்து காணப்பெற்றது. 335இல் அவ்விடத்துப் பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. மேலே மற்றொரு தெய்வத்தின் கோயில் நின்ற இடத்தைத் தோண்டத் துணிந்தமைக்கு, அவ்வூர்க் கிறித்தவர் கண்ணாற் காணாத இடத்தையும் வாய்மொழியாற் காத்து வந்தமையே காரணமாதல் வேண்டும்.

இங்கே ஆராய்ச்சியாளர் கருதத்தக்க ஒன்றுண்டு. அகழ்ந்த செய்தியை விரிவாக எழுதிய யூசேபியசு சிலுவை மரம் கிடைத்ததாகக் கூறவில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் எருசலேம் ஆயர் சிரில் சிலுவை மரத்தைப் பற்றிப் பேசுகின்றார். 395இல் மிலான் நகர் அம்புரோசு, அதனைக் கண்டெடுத்தவர் பேரரசனின் தாய் எலேனா என உரைக்கின்றார். காட்சி நிகழ்ந்த பின்னரும் அது பற்றிய நினைவு வளர்ந்துகொண்டே சென்றது என்பது இதனாற் பெறப்படும்.

அந்நூற்றாண்டின் இறுதியில் மேற்கு நாட்டினின்று வந்த எகேரியா என்னும் பெண்மணி தம் பயண நூலில் ஒன்றை வியந்து குறிக்கின்றார். எருசலேமில் அந்தந்த இடத்தில், அந்தந்த நாளில், அதற்குரிய நற்செய்திப் பகுதியே படிக்கப்பெற்றது என்பதே அது. இடமும் நாளும் சொல்லும் ஒன்றுபட்டபொழுது நினைவு நிலைபெறுகின்றது. அக்காலத்திலேயே நீசா நகர்க் கிரகோரி, இடம் மாறுவதனால் மனிதன் இறைவனை அணுகிவிடான் எனக் கண்டித்தெழுதினார். போற்றுதலும் ஐயுறுதலும் தொடக்க முதலே உடன் நடந்தன. 1941இல் பிரெஞ்சு அறிஞர் மோரிசு ஆல்புவாக்சு திருநாட்டுத் தலங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒவ்வொரு காலத்துச் சமுதாயமும் தன் நம்பிக்கைக்கு இயைய இடங்களை அமைத்துக் கொள்கின்றது என நிறுவினார். அவர் கூற்றைத் தமிழகத்தின்கண் வைத்து ஆய்வோம்.

மயிலையும் பரங்கிமலையும்

திருத்தூதர் தோமையார் மயிலையில் அடக்கம் செய்யப்பெற்றார் என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. மூன்றாம் நூற்றாண்டிற் சிரியா மொழியில் எழுந்த 'தோமையார் பணிகள்' என்னும் நூல், அவர் ஒரு மலைமேல் ஈட்டியாற் குத்துண்டு இறந்தார் எனவும், அவர் எலும்புகள் மேற்றிசைக்குக் கொண்டு செல்லப்பட்டன எனவும், கல்லறையிலிருந்து எடுத்த மண்ணினால் மன்னன் மகனின் நோய் தீர்ந்தது எனவும் கூறும். மயிலை என்னும் பெயர் அந்நூலில் இல்லை. ஆதலின் அந்நூலைக் கொண்டே இடத்தை உறுதிசெய்தல் இயலாது.

ஆனால் மண் பற்றிய செய்தி மறையவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிறித்தவரும் முசுலிம்களும் அக்கல்லறையை நாடி வந்தனர் எனவும், தூதர் இறந்த இடத்துச் செம்மண்ணைக் கிறித்தவர் எடுத்துச் சென்று காய்ச்சலுக்கு மருந்தாக நீரிற் கலந்து கொடுத்தனர் எனவும் குறித்தார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர் அவ்வாலயம் இடிந்து கிடந்ததையும், ஏழை முசுலிம் ஒருவர் அதனைக் காத்து, விளக்கெரிக்கப் பொருள் இரந்து நின்றதையும் எழுதிவைத்தார். சுவர்கள் சரிந்த பின்னரும், வேற்றுச் சமயத்தார் ஒருவர் கையிலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலத்தின் நினைவு ஒரு சமயத்தாருக்கே உரிய உடைமையாக என்றும் இருந்ததில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1517இல் போர்த்துகீசியருக்கு அவ்விடத்தைக் காட்டியவர் ஆர்மேனிய வணிகர். 1523இல் கல்லறையை அகழ்ந்தபொழுது எலும்புகளும், ஈட்டி முனையும், மண் நிறைந்த கலமும் கிடைத்தன என அக்காலத்து அறிக்கைகள் கூறும். இவற்றின் உண்மைபற்றி அறிஞர் கருத்து வேறுபடுவர். எனினும் ஒன்று தெளிவு. ஈட்டியும் மண்ணும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கதையில் இருந்தவை. தேடியவர் எதனை நினைந்து தேடினரோ அதனையே கண்டனர்.

பரங்கிமலையின் செய்தி இதனினும் கருதத்தக்கது. 1547இல் மலையுச்சியில் ஆலயம் எடுக்க நிலத்தைத் தோண்டியபோது, பஃலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. தோமையார் உயிர் துறந்தபொழுது தழுவிய சிலுவை இதுவே என மக்கள் கொண்டாடினர். அது பலிபீடத்தின் மேல் நிறுவப்பெற்றது. சிலுவையிற் குருதி வியர்வை அரும்பியது என்னும் மரபினைத் தழுவி டிசம்பர் 18ஆம் நாள் விழா எடுக்கப்படுகின்றது. ஆர்மேனிய வணிகர் பெத்ரூசு உசுக்கான் மலையேறுவார்க்குப் படிகள் அமைத்தார். அடையாற்றைக் கடக்க 1726இற் பாலமும் கட்டினார். காட்சியும் நடுதலும் பெரும்படையும் ஒருங்கே நிகழ்ந்த வரலாறு இது.

அக்கல்லின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தார் அந்நாளில் இலர். பிராமணப் புலவர் ஒருவர் அதனைப் படித்துத் தோமையாரின் வரலாறே அதிற் பொறிக்கப்பட்டுள்ளது என விளக்கியதாகப் போர்த்துகீசியர் எழுதியுள்ளனர். மூன்று நூற்றாண்டுகளுக்கு அவ்விளக்கமே வழங்கியது. 1873இல் பர்னெல் அது பஃலவி என நிறுவிப் படிக்க முயன்றார். அவர் அதனைச் சமயக் கோட்பாட்டு வாசகமாகக் கொண்டார். 20ஆம் நூற்றாண்டில் வின்க்வொர்த்து, கல்லைச் செதுக்கியவர் ஒருவர் தமக்கு இரங்குமாறு கிறித்துவை வேண்டும் மன்றாட்டு எனப் படித்தார். அறிஞர் படிப்புகள் முற்றும் ஒத்தனவல்ல. எனினும் தோமையார் பெயர் அவற்றுள் எதனிலும் இல்லை. கோட்டயம், கடமற்றம் முதலிய இடங்களிலும் இவ்வகைச் சிலுவைகள் உள்ளன. எனவே பாரசீகத்தோடு தொடர்புடைய கிறித்தவக் குழுவினர் மயிலைப் பகுதியிற் பண்டு வாழ்ந்தனர் என்பது இக்கல்லால் உறுதிப்படும்.

இங்கே நம் உள்ளத்தை உறுத்தும் உண்மை ஒன்றுண்டு. தமக்காக இரக்கம் வேண்டி ஒருவர் கல்லிற் பொறித்த சொல்லைப் பின்வந்தோர் வேறொருவர் வரலாறாகக் கொண்டனர். கல் எஞ்சியது; அவரை நினைவார் எஞ்சவில்லை. நினைப்போர் அற்ற கல்லின்மேல் பிறிதொரு நினைவு படர்ந்தது. நினைவு ஒரு தலத்தைக் காப்பதும் உண்டு. மற்றொரு நினைவை மறைப்பதும் உண்டு.

ஓரியூரும் காற்றாடிமலையும்

மேற்கூறியவை நெடுங்காலத்திற்கு முற்பட்டவை. நிகழ்ந்த நாளும் இடமும் ஐயமின்றித் தெரிந்த தலங்களில் நினைவு எவ்வாறு இயங்குகின்றது என இனிக் காண்போம்.

போர்த்துகல் நாட்டு லிசுபனில் 1647இல் பிறந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் அருளானந்தர் எனப் பெயர் பூண்டு உழைத்த சான் டி பிரிட்டோ, 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் மறவர் சீமையிலுள்ள ஓரியூரிற் பாம்பாற்றங்கரையில் தலை துணிக்கப்பெற்றார். அவர் குருதியாற் சிவந்தது என மக்கள் கருதும் செம்மணலை அங்குச் செல்வோர் இன்றும் எடுத்து வருகின்றனர். மயிலையில் மார்க்கோ போலோ கண்ட வழக்கம் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு தலத்தில் உருப்பெற்றதை நோக்குக. உரோமைத் திருச்சபை அவரைப் புனிதர் என 1947இல் அறிவித்தது. அறிவிப்பு வருதற்கு இரண்டரை நூற்றாண்டுகட்கு முன்பே அம்மண் போற்றப்பெற்று வந்தது.

தேவசகாயம் வரலாறும் இத்தகையது. நட்டாலத்தில் 1712இற் பிறந்த நீலகண்டன் திருவிதாங்கூர் அரசிற் பணியாற்றியவர். 1741ஆம் ஆண்டுக் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவராக விளங்கிய டி லனாயின் நட்பாற் கிறித்தவ நெறியை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சிறையும் ஒறுப்பும் உற்று, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எச்சங்கள் கோட்டாற்றுச் சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றன.

அவர் நினைவைத் தாங்கி நிற்பவை பாறைகளும் அவற்றின் பெயர்களுமாம். அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது எனப்படும் புலியூர்க்குறிச்சிப் பாறைக்கு முட்டிடிச்சான் பாறை என்பது பெயர். தட்டினால் மணியோசை எழுப்பும் காற்றாடிமலைப் பாறை மணியடிச்சான் பாறை எனப்படும். இப்பெயர்கள் குருமார் இட்டவை போலத் தோன்றவில்லை. செந்தமிழ்ப் புலவர் இட்டவையும் அல்ல. அவ்வூர் மக்கள் நாவில் அன்றாடம் வழங்கும் சொற்களால் ஆயவை. ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒரு சொற்றொடரில் அடக்கி, வழிப்போவோர் ஒவ்வொருவரும் அதனை உரைக்குமாறு செய்த அருமை இவற்றில் உள்ளது. எழுத்தறியாதார்க்கும் இப்பெயரே கல்வெட்டு. நீர்ப்படை என்பதனை நினைவூட்டுமாறு, சென்னைச் சின்னமலையிலும் புலியூர்க்குறிச்சியிலும் பாறையிற் சுரந்த நீர் போற்றப்படுவதும் கருதத்தக்கது.

2012இல் அருளாளர் எனவும், 2022 மே 15 அன்று புனிதர் எனவும் அவர் அறிவிக்கப்பட்டார். நாடகங்களிலும் வரலாற்று நூல்களிலும் தேவசகாயம் பிள்ளை என வழங்கியவர், புனிதராகும்போது சாதிப்பெயர் நீங்கித் தேவசகாயம் என்றே அழைக்கப்பெற்றார். ஒரு காலம் எதனை நினைவிற் கொள்கின்றது என்பதோடு, எதனை விடுகின்றது என்பதும் வரலாறேயாகும். ஆல்புவாக்சு கூறியது இங்கே மெய்யாகின்றது.

பெயரும் பாட்டும்

இதுகாறும் கண்ட தலங்களில் ஒரு கல்லறையோ, கல்லோ, மண்ணோ உண்டு. இவை ஒன்றுமின்றிச் சொல்லினாலேயே அமைந்த தலங்களும் தமிழகத்தில் உள. ஆறாவது துறையாகிய வாழ்த்தலின் ஆற்றல் அவற்றிற் புலனாகும்.

இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் (1680-1747) கொள்ளிடத்தை அடுத்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எடுத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். ஊரும் ஒரு சிற்றூர். தூதர் எவரும் அங்கு இறந்திலர். அகழ்ந்தெடுத்த கல்லும் இல்லை. அவர் செய்தது, திருக்காவலூர்க் கலம்பகம் பாடியது. தில்லை, மதுரை முதலிய தலங்களை எவ்வாறு தமிழ்ப் புலவர் கலம்பகத்தாற் பாடினரோ, அவ்வாறே இச்சிற்றூரும் பாடல் பெற்ற தலமாயிற்று. தமிழ் மரபில் தலம் எனப்படுவது பாடப்பெற்ற இடம் என்பதனை அவர் நுணுகி உணர்ந்திருந்தார்.

அவர் இயற்றிய தேம்பாவணியோ எதிர்த்திசையிற் செல்கின்றது. மூன்று காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட அக்காப்பியம், நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் யூதேயாவையும் எருசலேமையும் தமிழ்க் காப்பிய மரபிற்கேற்ப மழையும் ஆறும் வயலும் பொலியும் நாடாகப் பாடுகின்றது. கலம்பகம் தமிழகத்துச் சிற்றூரைத் திருநாட்டின் நிலைக்கு உயர்த்தியது. காப்பியம் திருநாட்டைத் தமிழ்நிலமாக நம் கண்முன் நிறுத்தியது. கடல் கடந்து செல்ல இயலாத தமிழ்க் கிறித்தவனுக்கு இரண்டும் ஒரே தொண்டினைச் செய்தன.

புனிதர் வழிபாட்டையும் எச்சங்களைப் போற்றுதலையும் ஏற்காத சீர்திருத்தத் திருச்சபையார்க்கும் இடத்தின் நினைவு இன்றியமையாததாயிற்று. 1706 சூலை 9 அன்று சீகன்பால்கு கரையிறங்கிய இடம் தரங்கம்பாடியில் நினைவுச்சின்னத்தாற் குறிக்கப்பெற்றுள்ளது. அவர் 1718இல் எடுத்த ஆலயத்தின் பெயர் புதிய எருசலேம். திருநெல்வேலிச் சீமையில் 1799இற் கிறித்தவர் குடியேறிய ஊர் முதலூர் எனப்பட்டது. அதனை அடுத்து நாசரேத்து எழுந்தது. எலும்பை ஏற்காதவர் பெயரை ஏற்றனர். துன்புற்று வெளியேறிய எளிய மக்கள் தாம் அமைத்த ஊர்க்கு முதலூர் எனப் பெயரிட்டபொழுது, தம் வரலாறு அவ்விடத்தினின்றே தொடங்குகின்றது என உலகிற்கு அறிவித்தனர் எனலாம்.

முடிவுரை

மேலே கண்டவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். ஒன்று, திருத்தலம் கண்டெடுக்கப்படுதற்கு முன்னரே ஏதோ ஒரு வடிவில் நினைக்கப்படுகின்றது. காட்சி நினைவின் பயனே. இரண்டு, அந்நினைவு மாறாத ஒன்றன்று. வளர்கின்றது, சிலவற்றை விடுகின்றது, சிலபோது பிறர் நினைவை மறைக்கின்றது. மூன்று, தமிழகத்தில் அந்நினைவைக் காத்தவற்றுள் கல்லினும் சொல் வலிது. பாறைப் பெயரும் ஊர்ப்பெயரும் கலம்பகமும் நாடகமும் செய்த பணியை அரண்மனை ஆவணங்கள் செய்யவில்லை.

நினைவு முன்னது என்பதனால் அது கூறுவதெல்லாம் பொய் என்பார் கூற்றையும், தொன்மையானது என்பதனால் அனைத்தும் மெய் என்பார் கூற்றையும் யாம் ஏற்கவில்லை. இயேசுவின் கல்லறையை நினைந்து தோண்டியவர்க்கு உண்மையாகவே ஒரு கல்லறை கிடைத்தது. தோமையாரை நினைந்து படித்தவர்க்கோ கல்லின் உண்மை கிட்டவில்லை. ஒவ்வொரு தலத்தையும் தனித்தனியே ஆராய்தலே நெறியாகும்.

இவ்வாராய்ச்சிக்குரிய கருவிகள் தமிழ்த்துறையினரிடமே மிகுதியும் உள்ளன. சேலம் மறைமாவட்டம் 1930இலும், அதினின்றும் தருமபுரி மறைமாவட்டம் 1997இலும் அமைந்தன. இப்பகுதியிலுள்ள ஆலயங்கள், கல்லறைகள், கெபிகள், நேர்ச்சைகள், அவற்றைச் சூழ்ந்த பெயர்கள் ஆகியவற்றை ஊர்தோறும் சென்று தொகுத்தல், தகடூர் நடுகற்களைத் தொகுத்ததற்கு ஒப்பான பணியாம். வத்தல்மலை போன்ற மலையூர்களின் பழங்கதைகளையும் அவற்றோடு சேர்த்துத் தொகுத்தல் வேண்டும். ஒரு சமயத்தார் நினைவை மற்றொரு சமயத்தார் காத்த செய்தி மயிலையிற் போல எங்கும் இருத்தல் கூடும். முதுமக்கள் மறையும்தோறும் இப்பெயர்களும் மறைகின்றன. பஃலவிக் கல்லிற் பொறித்தவர் வேண்டிய இரக்கத்தைப் பல நூற்றாண்டுகள் கழித்து நாம் அறிய வந்தது ஆராய்ச்சியாளர் சிலரின் உழைப்பினாலேயாம். மறைந்தவர் சொல்லை அவர் சொன்னவாறே மீட்டுக் கொடுத்தல், வாழ்த்தல் என்னும் துறையின்பாற் படும் பணியே என்பது எம் துணிபு.